ஒரு சிங்களச் சகோதரரின் பதில்

எம்பிலிப்பிட்டிய
2024 ஆகஸ்ட் 4

ஸ்டெபானி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய். பெற்ற தாயைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்து, அதைப் பார்க்க ஊர் ஊராக ஆள் சேர்க்கிறவளுக்கு என்ன குறை?

நேற்று மத்தியானம் ஜுனைதீன் நானா தன் தேத்தண்ணிக் கடைக்கு என்னைக் கூப்பிட்டு போனைக் காட்டினார். 'ஏழாம் நம்பர் லயம்' என்று உன் ஆவணப் படத்தின் விளம்பரம் ஓடியது. அம்மா நம் வீட்டு முன் காம்பராவில் உட்கார்ந்து பேசுகிறாள். பின்னால் சுவரில் நான் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுதிரி. "மெல்வின், இது ஒங்கட மூக்குத்தானே?" என்று நானா கேட்டார். அந்த ஆள் கண்டுபிடித்தால் மற்றவன் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

இந்த ஊரில் நான் யார் என்று உனக்குத் தெரியும். மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நினைவுபடுத்துகிறேன். நான் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கன். தாய் தகப்பன் இல்லாதவன். மாமனாரின் பெயின்ட் கடையை நடத்துகிறவன். "கத்தோலிக்கனானாலும் நம்ம ஆள்தானே" என்று சொல்லித்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். ரோஷானிக்கு மட்டும் உண்மை தெரியும். எங்கள் மகளுக்குக்கூடத் தெரியாது. அப்பா எனக்கு மெல்வின் என்று பெயர் வைத்தது நல்லதாகப் போயிற்று. முத்துசாமி என்று வைத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

அந்தக் காட்சியை வெட்டு. காரணம் கேட்காதே, பாடமும் நடத்தாதே. பதில் எழுதினால் நானாவின் கடை விலாசத்துக்கே போடு. எனக்குப் போன் பண்ணாதே. அது பாதி நேரம் மகள் கையில் இருக்கும், மீதி நேரம் கடைப் பையன்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

மெல்வின்


கொழும்பு
2024 ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. தமிழ் எழுத்து இன்னும் உங்கள் கைக்கு வருகிறது என்று பார்த்து ஆச்சரியப்பட்டேன். எங்கே பயிற்சி எடுக்கிறீர்கள்? நானா கடையின் பின்பக்கத்திலா?

நான் அம்மாவை உட்கார வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. அம்மாவாகத்தான் உட்கார்ந்தார். "கேக்க ஆளு வந்துச்சா இத்தன வருசமா? கேளு, சொல்றேன்" என்றார். எண்பத்தொன்றில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நம் லயத்து வீட்டு வரிசைக்குத் தீ வைத்ததையும், மூன்று நாள் தேயிலைச் செடிக்கடியில் படுத்துக் கிடந்ததையும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னார். இதையெல்லாம் நீங்களும் நானும் ஒரு தடவையாவது கேட்டோமா? எனக்கே அம்மாவிடம் பேச ஒரு கேமரா தேவைப்பட்டது. உங்களுக்கு எதுவுமே தேவைப்படவில்லை.

கடைசியில் அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் வெட்டச் சொல்வது இதைத்தான்:

"கோவம் இல்ல. பயந்தான். அதான் பெரியவன்கிட்ட சொன்னேன், நீ அவுங்க பக்கமே போயிரு ராசா. அவுங்களாவே ஆகிரு. அப்ப ஒன்னைய யாரும் எரிக்க மாட்டாங்கன்னு. போயிட்டான். சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டான். அதுக்கப்புறம் எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல."

இதை வெட்டினால் படத்தில் என்ன மிஞ்சும்? மலையும் பனியும் கொழுந்துக் கூடையும். அந்த மாதிரிப் படம் எடுக்க வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்தபோது நீங்கள் வந்தீர்கள். வார்டு வாசலில் தாதி "நோயாளிக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டாள். "தெரிந்தவர்" என்று சிங்களத்தில் சொன்னீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதை நான் படத்தில் வைக்கவில்லை. அதற்காவது நன்றி சொல்லுங்கள்.

ஸ்டெபானி


எம்பிலிப்பிட்டிய
2024 ஆகஸ்ட் 21

ஸ்டெபானி,

ஆஸ்பத்திரிக் கதையை எத்தனை வருடம் மடியில் கட்டி வைத்திருந்தாய்? அந்த வார்டில் என் கடைக்குப் பெயின்ட் வாங்க வருகிற கொந்தராத்துக்காரனின் தாயும் படுத்திருந்தாள். அவனும் அங்கேதான் நின்றான். ஆனால் உனக்குக் காட்சி முக்கியம். காட்சிக்கு வெளியே நிற்பவனை நீ எப்போது பார்த்தாய்?

இப்போது வேடிக்கையைக் கேள். உன் படத்தை இந்த ஊருக்கும் கொண்டு வருகிறார்கள். கூட்டுறவு மண்டபத்தில், வருகிற மாதம். நல்லிணக்கக் குழு என்று ஒன்று இருக்கிறதாமே, உங்கள் நிறுவனம் ஊருக்கு ஊர் அமைத்தது? அதற்கு இந்த ஊரில் தலைவர் யார் தெரியுமா? என் மாமனார். கடைக்கு மேல் பெரிய போர்டு வைத்திருக்கிற ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். அவருக்கு ஒரே புளகாங்கிதம். உடுத்திக்கொண்டு வரப் புதுச் சாரம் எடுத்தாயிற்று. நேற்று சாப்பாட்டு மேசையில் "பவ், வத்தே மினிஸ்ஸு" என்றார். பாவம், தோட்டத்து மனிதர்கள். கருவாட்டைக் கடித்துக்கொண்டே சொன்னார். நானும் தலையாட்டினேன். ரோஷானி மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டுமாம். முதல் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். அம்மா சுவரளவு உயரத்தில் என்னைப் பார்த்துப் பேசுவாள். அவள் தலைக்கு மேலே நான் மெழுகுதிரியோடு நிற்பேன். பார்க்கிற இருநூறு பேரில் ஒருவனுக்குக் கண் நன்றாக இருந்தாலும் போதும். படம் முடிந்து நடக்குமாமே, உன் கலந்துரையாடலுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

படம் பார்த்தால் மனம் மாறுமா? படம் முடிந்ததும் மீன் பணிஸ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எரித்தவன் பேரன் எரித்தவன் பேரனாகவே இருப்பான். என் மகள் மட்டும் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளாகிவிடுவாள். அந்தப் பிள்ளைக்காகவாவது வெட்டு. பெரிய பெரிய வார்த்தை எல்லாம் பேசுகிறாயே, அந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது நினைத்தாயா?

மெல்வின்


கொழும்பு
2024 செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மகளுக்காக, உங்களுக்காக அல்ல, இரண்டு விஷயம் செய்திருக்கிறேன். சுவரில் இருந்த உங்கள் படத்தை மங்கலாக்கச் சொன்னேன். எங்கள் கேமராக்காரர் ஸப்ரி அரை நாள் உட்கார்ந்து செய்தார். ஏன் என்று கேட்டார். சட்டச் சிக்கல் என்று சொல்லி வைத்தேன். அம்மா ஓரிடத்தில் உங்கள் பெயரைச் சொல்வார், அதையும் எடுத்தாயிற்று. இனி அம்மாவின் தலைக்கு மேல் ஒரு புகை மட்டும் தெரியும். அந்தப் புகைதான் நீங்கள்.

அம்மாவின் பேச்சை வெட்ட மாட்டேன்.

எம்பிலிப்பிட்டியவுக்கு நான் வர மாட்டேன். என் முகத்தில் உங்கள் மூக்கு இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். ஸப்ரியும், கலந்துரையாடலை நடத்துகிற சிங்களப் பெண்ணும் வருவார்கள். இரண்டு பேருக்கும் நம் வீட்டுக் கதை தெரியாது. திரையில் பேசுகிறது என் அம்மா என்பதுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அவள் புதிது.

மீன் பணிஸ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று எழுதினீர்கள். அதற்குத்தான் பதில் வீடியோ என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். படம் முடிந்ததும் பார்த்தவர்களில் ஒருவர் எழுந்து, படத்தில் பேசியவருக்கு நேரே பதில் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து கொண்டு போய், அடுத்த முறை தோட்டத்தில் படம் போடும்போது அந்த மக்களுக்கே காட்டுவோம். அங்கிருந்து ஒரு பதில் இங்கே வரும். பல வருடமாகப் பேசாத இரண்டு ஊர் இப்படியாவது பேசும். இதை நான்தான் யோசித்தேன். என் மேலதிகாரிகள் மெச்சினார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும், தெரியும். சிரியுங்கள். ஒளிந்துகொண்டு சிரிப்பது உங்களுக்குப் பழக்கம்தானே.

ஸ்டெபானி


எம்பிலிப்பிட்டிய
2024 செப்டம்பர் 30

ஸ்டெபானி,

உன் கூத்து முந்தாநாள் நடந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மாமனாரிடம் கடன் சொல்லிப் பெயின்ட் வாங்குகிறவர்கள், வராமல் இருக்க முடியுமா? அம்மா பேசினாள். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது, நான் எழுத்தைப் படிக்கிற மாதிரி தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தேன். "எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல" என்ற இடத்தில் மாமனார் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். எந்த மகனோ, இப்படித் தாயை விட்டுப் போனவன் மனுசனா என்று என் காதில் கேட்டார். மனுசன் இல்லை என்று சொன்னேன்.

பிறகு நாற்காலியை வட்டமாகப் போட்டார்கள். உன் புதுப் பெண் எல்லாருக்கும் ரோஸ் நிறத்தில் ஒரு காகிதம் கொடுத்து, மனதில் தோன்றுவதை எழுதச் சொன்னாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, இந்த ஊரில் இனவாதமே இல்லை, வெளியூர்க்காரர்கள் வந்து கிளப்பிவிடுகிறார்கள் என்றார். இன்னொருவர் தன் கடையில் தமிழ்ப் பையனுக்கும் அதே கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுப்பதாகச் சொன்னார். அதற்குக் கைதட்டினார்கள். கோப்பைக்குக் கைதட்டுகிற ஊர் இது. இதற்காகவா மூன்று வருடம் அலைந்தாய்?

அப்புறம் அந்தப் பெண், இந்தத் தாய்க்கு யார் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாள். யாரும் எழும்பவில்லை. மாமனார் என் தோளைத் தட்டினார். "என் மருமகன் சொல்லுவான். நன்றாகப் பேசுவான்" என்று சத்தமாகச் சொன்னார். எழும்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். எழுந்துவிட்டேன். ஸப்ரி வந்து என் சட்டையில் மைக்கை மாட்டினான். சுவரில் இருந்த அதே முகத்தை அரை நாள் தேய்த்தவன், என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து, கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்கள் என்றான்.

"அம்மே" என்று சிங்களத்தில் தொடங்கினேன். அதற்குமேல் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. எங்களை மன்னியுங்கள் என்றேன். எங்கள் ஆட்கள் உங்கள் வீட்டை எரித்தார்கள், உங்கள் பிள்ளையையும் எங்கள் பக்கம் எடுத்துக்கொண்டோம் என்றேன். அவன் எங்கேயோ நன்றாக இருப்பான், உங்களை நினைக்காமல் இருக்க மாட்டான் என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள். பெண்கள் அழுதார்கள். மாமனார் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பெற்றவளிடம் அடுத்த ஆள் மாதிரி மன்னிப்புக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அதைத் தோட்டத்தில் போடாதே. அம்மா பார்க்கக் கூடாது. உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, ஸ்டெபானி. இப்போது கேட்கிறேன்.

மெல்வின்


வெல்ஹேன தோட்டம், பெல்மதுளை
2024 அக்டோபர் 14

அண்ணே,

உங்கள் கடிதம் நேரத்துக்குக் கிடைத்தது. தபால் மேல் பழி போட மாட்டேன். படித்தேன், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன், உங்கள் பதிலைப் போட்டேன். வேண்டுமென்றே போட்டேன்.

ஏனென்றால் எனக்கு ஆத்திரம். ஸப்ரி கொண்டு வந்ததை ஆபீசில் போட்டுப் பார்த்தபோது எல்லாரும் கண் கலங்கினார்கள். இவ்வளவு உண்மையான பதில் இதுவரை கிடைத்ததில்லை என்றார் எங்கள் பெரியவர். எனக்கு மட்டும் கண் கலங்கவில்லை. அம்மாவிடம் நேரில் வந்து சொல்ல வேண்டியதை ஊரான் வீட்டு மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறீர்கள். லயமே பார்க்கட்டும், "அடே, நம்ம மெல்வின்டா" என்று கத்தட்டும், அந்தக் கூச்சலையும் பதிவு செய்து எம்பிலிப்பிட்டியவுக்கு அனுப்புகிறேன் என்று நினைத்தேன். நீங்கள் எழுதினீர்களே, எனக்குக் காட்சி முக்கியம் என்று. ஆமாம்.

ஒரு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாலையில், அம்மா கொழுந்துக்குப் போகையில் நம்மை விட்டுப் போகிற அந்தப் பிள்ளை மடுவத்தில் வெள்ளைத் துணி கட்டினோம். மாதா கோயில்காரர்களும் மாரியம்மன் கோயில்காரர்களும் எல்லாரும் வந்தார்கள். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்து வீட்டுச் சுப்பம்மா அக்காவும் கூட. திரையில் முதலில் எழுத்து வந்தது: 'எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு சிங்களச் சகோதரரின் பதில்.' அதை எழுதிக் கொடுத்ததே நான்தான், எல்லா ஊருக்கும் அப்படித்தான் எழுதுவோம். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

அண்ணே, ஒருவர்கூட மூச்சு விடவில்லை. உங்களைத் தூக்கி வளர்த்த ஆட்கள், உங்களோடு பள்ளிக்கூடம் போன ஆட்கள், எல்லாருக்கும் முதல் வினாடியிலேயே தெரிந்துவிட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். ஸப்ரியின் கேமராவும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அந்தக் கேமராவை ஒரு தடவை பார்த்தார்கள், அம்மாவை ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

வீடியோ முடிந்தது. உங்கள் முகம் துணியில் அப்படியே நின்றது. இந்தத் தடவை நடத்த வந்த தமிழ்ப் பெண் அம்மாவிடம் மைக்கை நீட்டி, "அம்மா, இவர் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். அம்மா எழுந்தார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். உங்களை நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"யாரு பெத்த புள்ளையோ. நல்லா இருக்கட்டும். மன்னிக்கிறதுக்கு என்னா இருக்கு? அந்தத் தம்பியா வந்து எங்க வீட்ட எரிச்சிச்சு?"

சுப்பம்மா அக்கா உடனே, "ஆமா, எந்தூருப் புள்ளையோ, பாவம்" என்றார். பின்னால் இருந்து இன்னும் இரண்டு மூன்று பேர், ஆமா ஆமா என்றார்கள். சொல்லி வைத்த மாதிரி. யாரும் சொல்லி வைக்கவில்லை. நம் ஆட்களுக்கு வாய் நிற்காது, கல்யாணச் சோற்றில் உப்பில்லை என்றாலே ஒரு மாதம் பேசுவார்கள் என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். அன்றைக்கு அவ்வளவு பேரும் உங்களைக் காப்பாற்றினார்கள். என்னிடமிருந்து காப்பாற்றினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோஸ் காகிதம் எல்லாம் வெற்றாகத் திரும்பி வந்தது.

வீட்டில் அம்மா சோறு போட்டார். கை கழுவிவிட்டு வரும்போதுதான் கேட்டார், "ஒங்கண்ணனுக்கு முடி நரைச்சிருச்சு, பாத்தியா?"

அப்புறம் தன் போனை எடுத்து நீட்டினார். "அதுல போட்டுக் குடு. இனிமே வேற எங்கயும் காட்டக் கூடாது. அவன் பொழப்பக் கெடுக்கவா நீ படிச்ச?" என்றார். போட்டுக் கொடுத்தேன். ஆபீசில் இருந்ததை அழித்துவிட்டேன், பதிவு கெட்டுப் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். உலகத்தில் இப்போது அது அம்மாவின் போனில் மட்டும்தான் இருக்கிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார். சத்தத்தைக் குறைத்துத்தான் வைக்கிறார். "அம்மே" என்று நீங்கள் தொடங்குவது மட்டும் எனக்குக் குசினிவரை கேட்கிறது.

உங்களை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னையும் இப்போது பிடிக்கவில்லை.

ஸ்டெபானி


எம்பிலிப்பிட்டிய
2024 டிசம்பர் 9

ஸ்டெபானி,

இரண்டு மாதம் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நானா கடை அடுப்புக்கு நல்ல எரிபொருள்.

உன் படம் மாமனாரைச் சும்மா இருக்க விடவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு தோட்டத்துக்குப் போய் அந்த அம்மாவை நேரில் பார்க்க வேண்டுமாம். அரிசி, பருப்பு, சேலை எல்லாம் கட்டியாயிற்று. வேனுக்கு முன்னால் கட்ட ஒரு பேனர்கூட அடித்திருக்கிறார், அதில் தன் படத்தைப் போட்டு. உன் ஆட்கள் பார்த்தால் பூரித்துப் போவார்கள். பருப்புப் பொட்டலத்தோடு அவர் தோட்டத்துக்குள் இறங்கும் அழகைப் பார்க்கவே காசு கொடுக்கலாம்.

வேனை ஓட்டப் போவது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சல், முதுகுவலி, கடையில் சரக்கு இறக்க வேண்டும் என்று மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். நேற்று ரோஷானியிடம் உன் கடிதத்தை வாசித்து, சிங்களத்தில் சொன்னேன். முடி நரைத்ததை அம்மா கேட்ட இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மகளையும் கூட்டிப் போவோம் என்றாள். மாமனார் வேனிலா என்று கேட்டேன். அவர் வேனில்தான், அவருக்கு முன்னால்தான் என்றாள். அதற்குப் பிறகு கடை கைவிட்டுப் போகலாம், வீடும் போகலாம். கணக்குப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஸப்ரியோ வேறு எவனோ கேமராவோடு அந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரு கேமரா கண்ணில் பட்டாலும் வேனை அப்படியே திருப்பிவிடுவேன். உன் நிறுவனத்தில் ஒரு ஈக்கும் தெரியக் கூடாது.

அம்மாவிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவை. லயமே கூடி நிற்கும், மாமனார் பக்கத்தில் நிற்பார், அவள் மறுபடியும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு "யாரு பெத்த புள்ளையோ" என்று ஆரம்பிப்பாள், எனக்குத் தெரியும். ஆரம்பித்தால், எல்லார் முன்னாலும் நான் பதில் சொல்லிவிடுவேன்.

மெல்வின்